மடு மண்ணும் பீஎச் மானியும்

ஆகஸ்ட் 6, செவ்வாய்
மடு மாதா கோயிலில் இன்று திருவிழாக் கொடியேற்றம். நான் படிப்பிக்கிற பம்பைமடு வளாகத்துக்குப் பஸ்ஸில் வரும்போதே மன்னார் வீதியோரம் நடந்துபோகிற சனம்.

பின்னேரம் மண் செய்முறை வகுப்பு. மன்னார்ப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் சின்னப் பொலித்தீன் பை ஒன்றை மேசையில் வைத்தான். "மிஸ், மடு மண். பாம்புக்கடிக்கு நல்லதெண்டு அம்மம்மா வைச்சிருக்கிறவ. இதையும் செய்து பாப்பமா?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"மற்ற மாதிரிகளுக்குச் செய்யிற எல்லாத்தையும் இதுக்கும் செய்" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்
மணல் கூடின மண். பீஎச் (அமில, காரத் தன்மை), மின்கடத்துதிறன் எதிலும் விசேடமில்லை. அட்டவணையில் பெயரை மறைத்தால் இன்னதென்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"அப்ப அம்மம்மாட்ட என்ன மிஸ் சொல்லுறது?"

பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரி என்று சொல், என்றேன். விரியன் கடியென்றால் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் விட்டு உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் விசமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த நேரத்தை மண் பூசிக் கழிக்கக் கூடாது. ஆனால் அம்மம்மாவை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரி இருந்தது? மன்றாட்டு இருந்தது, காலடியில் மண் இருந்தது. அந்த மண்ணில் அவர்கள் வைத்த நம்பிக்கையை அளக்க என் மானியில் முள் இல்லை. அதற்காக மானியைக் குறை சொல்லவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி
எங்கள் பங்குச் சுவாமிக்கு நான் இதைச் சொன்னபோது, "மண்ணில ஏதும் கிடைச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார், பாதி பகிடியாக. எனக்கு உடனே லெமேத்ரின் ஞாபகம் வந்தது. பெல்ஜியக் குருவானவர், இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர். 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். 1951இல் பாப்பரசர் 12ஆம் பயஸ், விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். சந்தோசப்பட்டிருக்க வேண்டியவர் லெமேத்ர்தான். அவருக்கோ அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது, கடவுளை நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் அது ஒன்றே என்பது அவர் நிலை. அடுத்த வருடம் உரோமில் வானியலாளர்களுக்குப் பேசிய பாப்பரசர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாளைக்குப் புதுத் தரவு வந்து அந்த ஆதி அணு பொய்யானால், அதன்மேல் கட்டின விசுவாசம் என்னாவது? பெடியனின் மண்ணுக்கும் இதே கதைதான்.

ஆகஸ்ட் 12, திங்கள்
தேநீர் நேரத்தில் சைவக்கார நண்பர்: "விஞ்ஞானம் படிப்பிச்சுக்கொண்டு எப்பிடிக் கடவுளை நம்புறியளெண்டு உங்களைத்தான் எல்லாரும் கேக்கினம். திருநீறு பூசிக்கொண்டு கூர்ப்பு (பரிணாமம்) படிப்பிக்கிற என்னை ஒருத்தரும் கேக்கேல்ல." உண்மை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவுக்குத் திருச்சபை 1633இல் கொடுத்த தீர்ப்பு இன்னும் எங்கள் தலையில்தான் விடிகிறது. லாப் கோட்டைப் போட்டால் விஞ்ஞானி, கழற்றினால் கிறிஸ்தவள் என்று இருந்தால் தொல்லையில்லையே என்றார்.

அது எனக்குச் சரிவராது. கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் அளப்பது என் ஆய்வு. அளக்கிற மின்வாயைத் தண்ணீரில் வைத்தபிறகு நான் செபித்தாலும் புளோரைட் அளவு மாறக் கூடாது. மாறினால் மின்வாய் பழுது. ஆனால் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறேன், முடிவை முதலில் யாருக்குச் சொல்கிறேன் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நிற்கிற அதே ஆளின் தீர்மானம். கட்டுரை வெளிவரும்வரை கிணற்றுச் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது துறையில் குற்றமில்லை. எனக்கு அது பாவம்.

ஆகஸ்ட் 15, வியாழன்
மடுத் திருவிழா. சனம், புழுதி, வெயில். வேறு எழுத இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
பூசை முடிந்து செட்டிகுளம் பக்கம் போய் முடிவுகளைக் கொடுத்தேன். ஒரு கிணற்றில் புளோரைட் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை அதுதான். இலங்கைத் தரம் இன்னும் இறுக்கம், 1.0.

"குளிக்கலாம் அம்மா, குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். கொதிக்க வைச்சாலும் போகாது, வத்த வத்தக் கூடும்."

"இதாலயோ பிள்ளை இவருக்குக் கிட்னி போனது?"

தெரியாது என்றேன். நீரிழிவோ பிரஷரோ இல்லாமல் கமக்காரருக்கு வருகிற இந்த நோய்க்குப் புளோரைட், தண்ணீரின் கடினத்தன்மை, கிருமிநாசினி, வெக்கை என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள், எதுவும் முடிவாகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணர் "எல்லாம் ஆண்டவற்ற சித்தம்" என்றார். மறுத்துவிட்டேன். எங்களுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் கடவுளைக் கொண்டுபோய் இருத்தினால், தண்ணீரைச் சோதிக்க ஒருத்தரும் வரப்போவதில்லை.

அம்மா அதில் நிற்கவில்லை. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிச்ச தண்ணி கிட்டடியில் எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். கோயில் வளவில் ஒன்று போடச் சொல்லிச் சுவாமியைக் கேட்கவேண்டும். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பெருவெடிப்பைப் பற்றிப் பேச வா என்று அவர் என்னைக் கரைச்சல்படுத்துகிறார். பேரம் பேசிப் பார்க்கலாம்.