அமைதி என்றால் சத்தம் போடாமலா?

காவல் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கான மனித உரிமைக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பழங்குடி மக்கள் நகரங்களுக்கு வந்து போராடுவது பற்றி அதில் ஓர் அத்தியாயம். 'அமைதியான முறையில் ஒன்றுகூடும் உரிமை' என்பது என் விரல்களுக்கு மனப்பாடம். தட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன்.

மெய்ப்புப் பார்க்கும் அக்கா மாலையில் தாளோடு வந்தார். பென்சிலால் ஒரே ஒரு வட்டம்.

"தம்பி, இதைப் படிக்கிற போலீஸ்காரர் என்ன நினைப்பார்? சத்தம் போடாம நின்னா விடு, மேளம் அடிச்சா வண்டியில ஏத்துன்னுதானே?"

முதலில் சிரித்தேன். அப்புறம் உறைத்தது. தமிழில் சண்டை இல்லாததும் அமைதி, சத்தம் இல்லாததும் அமைதி. ஆசிரியர் மேசையைத் தட்டி 'அமைதி!' என்றால் வாயை மூடு என்றுதான் பொருள்.

ஆனால் அந்த அத்தியாயத்தில் வருபவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் அல்லவே. 2012 டிசம்பரில் கனடாவின் பூர்வகுடிகள் பேரங்காடிகளுக்குள் கைமேளத்தோடு போய், கைகோத்து வட்டமாக ஆடினார்கள். 2024 நவம்பர் 19 அன்று, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குப் பழைய ஒப்பந்தம் ஒன்று தந்த உரிமையைத் தொடும் மசோதாவை எதிர்த்து, தலைநகர் வெலிங்டனில் நாடாளுமன்றத்தின் முன் சுமார் 42,000 பேர் திரண்டார்கள். காலை உதைத்து முழங்கி ஆடும் அவர்களுடைய ஹாக்காவை யாராவது சத்தமில்லாமல் ஆட முடியுமா?

ஐ.நா. மனித உரிமைக் குழு இந்த உரிமையை விளக்கி 2020-இல் வெளியிட்ட 37-ஆவது பொதுக் கருத்துரையை மறுபடி எடுத்துப் படித்தேன். வெறும் தள்ளுமுள்ளும், வண்டிகள் நின்றுபோவதும் வன்முறை ஆகாது என்கிறது. யாரை நோக்கிக் குரல் கொடுக்கிறார்களோ அவர்களுடைய கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில் கூடுவதற்கு இயன்றவரை வழிவிட வேண்டும் என்கிறது. காதுக்கும்! நிலம் எங்கோ தொலைவில் இருந்தாலும் அதற்குக் கையெழுத்துப் போடுகிறவர் நகரத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்.

சத்தம் இல்லாவிட்டால் மட்டும் விட்டுவிடுகிறார்களா, அதுவும் இல்லை. 1972 ஜனவரி 26 அன்று கான்பெராவில் நான்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடி இளைஞர்கள் நாடாளுமன்றத்தின் எதிரே புல்வெளியில் ஒரு கடற்கரைக் குடையை நட்டு உட்கார்ந்தார்கள். நில உரிமை தர மாட்டோம் என்று அரசு முந்தின நாள்தான் அறிவித்திருந்தது. சொந்த மண்ணிலேயே அந்நியர் என்றால் எங்களுக்கும் ஒரு தூதரகம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கூடாரங்கள் முளைத்தன. அங்கே கூடாரம் போடக் கூடாது என்று அப்போது சட்டமே இல்லை. ஜூலையில் அவசரமாக ஒரு விதி கொண்டுவந்து, போலீஸை வைத்துப் பிரித்தெறிந்தார்கள். (அந்தக் கூடாரத் தூதரகம் இன்றும் அதே புல்வெளியில் இருக்கிறது என்பது வேறு கதை.)

சரி, 'வன்முறையற்ற' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டு எழுதினேன். வழக்கில் உள்ள சொல்லைத் தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான், சட்டச் சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுத முடியாது. அதனால் இரண்டு வரி அடிக்குறிப்பு போட்டேன்: இங்கே அமைதி என்பது வன்முறை இல்லாமையைக் குறிக்கும், பாட்டு, மேளம், முழக்கம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

அச்சாகி வந்த பிரதியில் அந்த அடிக்குறிப்பு இல்லை. பக்கத்தில் இடம் போதவில்லையாம். அக்காவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்து, அந்த இரண்டு வரியையும் தன் பிரதியின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.