கும்பகோணம் லாட்ஜுக்கு லோன் வாங்கின அனுபவம்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல யாரும் 75% ஆக்குபன்சின்னு எழுதிடாதீங்க

ஒருவழியா லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. 2025 ஆகஸ்ட்ல அப்ளிகேஷன் கொடுத்தது, இந்த ஜனவரில தான் லெட்டர் கைக்கு வந்துச்சு. நடுவுல ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க, ஒரு தடவை நானே வேணாம்னு விட்டுடலாம்னு நெனச்சேன். இதே மாதிரி சின்ன லாட்ஜ் வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருப்பீங்க, அதான் எழுதுறேன்.

எங்களது கும்பகோணத்துல 14 ரூம். 6 ஏசி, 8 நான் ஏசி. அப்பா ஆரம்பிச்சது. 8 ரூமையும் ஏசி ஆக்கணும், எல்லா பாத்ரூமும் இடிச்சு புதுசா கட்டணும், அதுக்குத்தான் 35 லட்சம் லோன். பத்திரம், வில்லங்கம், லீகல் ஒப்பீனியன், சிறு தொழிலுக்கான உதயம் பதிவு, மாநகராட்சி லைசென்ஸ் இதெல்லாம் பெரிய சிக்கல் இல்லாம முடிஞ்சுது. மாட்டினது எல்லாம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல தான், அதாவது எவ்வளவு செலவு, எவ்வளவு வருமானம் வரும்னு பேங்க்குக்கு கொடுக்கற கணக்குல.

ரிப்போர்ட்டை ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல காசு கொடுத்து போட்டு வாங்கினேன். நல்லா பைண்டிங் பண்ணி 40 பக்கம் கொடுத்தாங்க, நானும் படிச்சுப் பாக்காம கையெழுத்து போட்டுட்டேன். அதான் முதல் தப்பு. பேங்க்ல மேனேஜர் மூணாவது பக்கத்துலயே நிறுத்திட்டார். 75% ஆக்குபன்சி (அதாவது வருஷம் முழுக்க சராசரியா நூத்துக்கு 75 ரூம் நிரம்பும்னு), ரூம் வாடகை சராசரி 1500, வருஷ வருமானம் 57 லட்சம்னு இருக்கு. "தம்பி, உங்க ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல போன வருஷம் 23 லட்சத்து 78 ஆயிரம் தான் இருக்கு. ஏசி மாட்டின முதல் வருஷமே எப்படி 57 ஆகும்? இந்த 75% யார் எண்ணினது?"ன்னு கேட்டார். எனக்கு பதில் தெரியல. ஆடிட்டர் ஆபீஸ்ல போய் கேட்டா "எல்லா ஹோட்டலுக்கும் அதான் சார் போடுவோம்"னு சொல்றாங்க. கொடுத்த காசும் போச்சு, மூணு வாரமும் போச்சு.

அடுத்து, ஊருக்கு வர்ற சுற்றுலாப் பயணிங்க எண்ணிக்கை ஆதாரத்தோட வேணும்னு சொன்னாங்க. ரிப்போர்ட்ல மாநிலம் முழுசுக்குமான எண்ணிக்கைதான் ஒட்டியிருந்துச்சு. சரின்னு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்க இருந்த க்ளார்க் தலையைக் கூட தூக்கல, "லெட்டர் எழுதிட்டு வாங்க"ன்னார். எழுதிட்டுப் போனா "இது இங்க இல்ல, தஞ்சாவூர் போங்க". தஞ்சாவூர் போனா "அந்த செக்ஷன் பாக்குறவர் லீவு, மூணு நாள் கழிச்சு வாங்க". மூணு நாள் கழிச்சு போனா "எழுத்து மூலமா தர முடியாது". நாலு ட்ரிப், ஒரு காகிதம் கூட கிடைக்கல. அந்த பஸ்ல திரும்பி வரும்போது தான், எவ்வளவு பேர் ஊருக்கு வந்தாங்கன்னு கேட்டு அலையறோமே, எத்தனை பேர் நம்ம லாட்ஜுக்கு வந்தாங்கன்னு நமக்கே தெரியலையேன்னு உறைச்சுது.

வீட்டுக்கு வந்து மூணு வருஷ ரிஜிஸ்டரை எடுத்து வச்சேன். 2022 ஏப்ரல்லேர்ந்து 2025 மார்ச் வரைக்கும், மொத்தம் 11 நோட்டு. ஒவ்வொரு நாளும் எத்தனை ரூம் போச்சுன்னு எக்செல்ல ஏத்தினேன், ராத்திரி ராத்திரியா உக்காந்து 19 நாள் ஆச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க, கோயில் ஊர் லாட்ஜ்ல எண்ணுறதே கஷ்டம். நம்மகிட்ட 24 மணி நேர செக்அவுட். விடியக்காலை 4 மணிக்கு ட்ரெய்ன்ல வந்து இறங்குறவங்க கோயில் எல்லாம் முடிச்சுட்டு ராத்திரி 8 மணிக்கு கெளம்பிடுவாங்க, ராத்திரி 12 மணிக்கு யார் ரூம்ல இருக்காங்கன்னு எண்ணினா அவங்க கணக்குலயே வர மாட்டாங்க. இன்னும் சில பேர் குளிச்சு டிரஸ் மாத்த மட்டும் ரெண்டு மணி நேரம் எடுப்பாங்க, அதையும் ஒரு நாளா எண்ணினா சில நாள் 14 ரூம்ல 17 ரூம் போனதா காட்டுது. கடைசில ஒரு ரூல் வச்சுக்கிட்டேன், ஒரு நாள் வாடகை பில் போட்டா ஒரு ரூம் நைட், குளிக்க மட்டும் வந்ததுக்கு எக்செல்ல தனி பத்தி (column). மூணு வருஷத்துக்கும் அதே ரூல். நடுவுல ரூலை மாத்தினீங்கன்னா ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோட ஒப்பிடவே முடியாது.

கணக்கு வந்துச்சு. 2024-25ல 14 ரூம், 365 நாள், ஆக மொத்தம் விக்கக்கூடியது 5110 ரூம் நைட். வித்தது 2504. அதாவது 49%. சராசரி வாடகை 950. காலியா இருந்த ரூமையும் சேர்த்து வகுத்தா ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 465 ரூபாய் தான் வருது. ஹோட்டல்காரங்க இதை ரெவ்பார்னு சொல்வாங்க. அந்த 465ஐ பாத்துட்டு அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

ஆனா 49%ங்கிற சராசரியை மட்டும் நம்பாதீங்க. 49%னா தினமும் 7 ரூம் போகுதுன்னு அர்த்தம், அப்படி 7 ரூம் போன நாளைத் தேடினா விரல் விட்டு எண்ணிடலாம். வருஷத்துல பாதி நாள் 5 ரூமோ அதுக்கும் கீழயோ தான். நாள்களை மூணு கட்டா பிரிச்சேன். முகூர்த்தம், திருவிழா, பெயர்ச்சி இதெல்லாம் 62 நாள், அன்னைக்கு சராசரி 13.5 ரூம். மத்த சனி, ஞாயிறு 80 நாள், 9 ரூம். மிச்சம் 223 நாள், அதுல 4.25 ரூம் தான். ஒரே லாட்ஜுக்குள்ள மூணு வேற வேற வியாபாரம் நடக்குது, நாங்க மூணுக்கும் ஒரே ரேட் வச்சு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கோம்.

முகூர்த்தத்துக்கு வர்றவங்க தேதியை மாத்த முடியாது. பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் புக் பண்ணியாச்சு, சொந்தக்காரங்களை எங்கயாவது தங்க வச்சே ஆகணும். ரிசப்ஷன்ல இருக்கற அண்ணன்கிட்ட ஒரு நோட்டு கொடுத்து, ரூம் இல்லைன்னு சொல்லி வச்ச ஃபோன் கால் எல்லாம் குறிச்சு வைக்கச் சொன்னேன். ஆவணி முகூர்த்தம் ஒண்ணுல மட்டும் 23 கால். அந்த 62 நாளுக்கு மட்டும் 350 ரூபாய் ஏத்தினா 837 ரூம் நைட்டுக்கு 2 லட்சத்து 92 ஆயிரம் கூட வரும், ஒரு செங்கல் கூட புதுசா வைக்க வேணாம். அப்பாவுக்கு இது பிடிக்கல. "வர்றவங்க கஷ்டத்துல காசு பாக்கறதா?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வி நியாயம்தான். அதனால ரேட்டை முன்கூட்டியே போர்டுல எழுதிப் போடணும், அன்னைக்கு வந்து நிக்கறவங்க முகத்தைப் பாத்து ஏத்தக்கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினோம்.

வார நாளுக்கு நேர் எதிரா ரேட்டை குறைச்சா கூட்டம் வரும்னு நெனச்சேன். செஞ்சே பாத்தேன். எட்டு வாரம், ஒரு வாரம் 800, அடுத்த வாரம் 700ன்னு மாத்தி மாத்தி. 800ல சராசரி 4.1 ரூம், 700ல 4.3. வாடகையை 12.5% குறைச்சதுக்கு 5% தான் கூடியிருக்கு, நஷ்டம். ஏன்னு விசாரிச்சா, வார நாள்ல வர்ற நவக்கிரக டூர்காரங்க ரூமை அவங்க தேடுறதே இல்ல, கார் ஓட்டிட்டு வர்ற டிரைவர் எங்க நிறுத்துறாரோ அங்கதான் தங்குறாங்க. டிரைவர் படுக்க ஒரு இடம், குளிக்க வெந்நீர், வண்டி நிறுத்த வசதி செஞ்சு கொடுத்தப்புறம் தான் கொஞ்சம் அசைவு தெரியுது.

ரெண்டாவது தடவை ரிப்போர்ட்டை நானே தயார் பண்ணி எடுத்துட்டுப் போனேன். இந்த தடவை கடன் பிரிவு ஆபீசர் வேற ஒண்ணைப் பிடிச்சார். "2023 டிசம்பர்ல 71%, 2024 டிசம்பர்ல 58%. வியாபாரம் விழுந்துட்டு இருக்கே?" இதுக்கு மட்டும் பதில் கையில இருந்துச்சு. 2023 டிசம்பர் 20 திருநள்ளாறுல சனிப்பெயர்ச்சி. கும்பகோணத்துல தங்கிட்டு அங்க போயிட்டு வர்றவங்க அந்த மாசம் குவிஞ்சிட்டாங்க. அது ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை. திருநாகேஸ்வரத்துக்கு ராகு கேது பெயர்ச்சி ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை, ஆலங்குடிக்கு குருப்பெயர்ச்சி ஏறக்குறைய வருஷா வருஷம், எங்க ஊர் மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை, போனது 2016, அடுத்தது 2028. எங்க ஊர்ல போன வருஷ மாசத்தோட இந்த வருஷ மாசத்தை அப்படியே ஒப்பிடவே கூடாது. பெயர்ச்சிக்கு முன்னும் பின்னும் கூட்டமா இருந்த நாள்களை எடுத்துட்டு கணக்கு போட்டா 2023 டிசம்பர் 57% தான் வருது, விழவே இல்ல. இதை ஒரு பக்கத்துல படம் வரைஞ்சு கொடுத்தேன். அவர் பேனாவை கீழ வச்சுட்டு முழுசா பாத்தார். அஞ்சு மாசத்துல எனக்கு மனசு நிறைஞ்சது அந்த ஒரு நிமிஷம்தான். 2028 மகாமக வருமானத்தை ரிப்போர்ட்ல சேர்க்கவே இல்லைன்னு சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வந்துச்சுன்னு நெனக்கிறேன்.

இதுக்கு நடுவுல ஜிஎஸ்டி வேற மாறிடுச்சு. செப்டம்பர் 22லேர்ந்து 7500 வரைக்கும் உள்ள ரூமுக்கு 12% போய் 5% ஆச்சு, கஸ்டமருக்கு நல்லது, ஆனா இன்புட் க்ரெடிட் (நாம வாங்குற பொருளுக்கும் வேலைக்கும் கட்டின வரியைக் கழிச்சுக்கறது) கிடையாது. ஏசிக்கும் 28லேர்ந்து 18 ஆச்சு. சந்தோஷப்பட்டேன், அப்புறம் தான் தெரிஞ்சுது, ஆடிட்டர் போட்ட பழைய எஸ்டிமேட்ல ஜிஎஸ்டியையே சேர்க்கல, எல்லாம் க்ரெடிட்ல திரும்பி வந்துடும்னு விட்டுட்டாங்க. கட்டட வேலைக்கு ஏற்கனவே க்ரெடிட் கிடையாது, ஏசிக்கு இருந்தது இப்ப அதுவும் போச்சு. 37.3 லட்சம் வேலைக்கு 6.7 லட்சம் வரி, ஆக 44 லட்சம். அந்த வித்தியாசம் முழுக்க நம்ம கைக்காசு. எஸ்டிமேட் வாங்கும்போதே வரியோட சேர்த்து மொத்தமா எழுதி வாங்கிடுங்க, இல்லைன்னா பாதி பாத்ரூம்ல வேலை நின்னுடும்.

ஆன்லைன் புக்கிங்கும் அதே மாதிரி தான். 1200 ரூபாய் ரூமுக்கு ஆப்காரங்க 20% எடுத்தா 240, அந்த கமிஷனுக்கு 18% வரி 43 ரூபாய், இப்ப அதுவும் திரும்ப வராது. கைக்கு வர்றது 917. ரிப்போர்ட்ல 1200ன்னு எழுதிடாதீங்க.

கடைசி ரிப்போர்ட் இப்படித்தான் இருந்துச்சு: 52% ஆக்குபன்சி, எல்லா ரூமும் ஏசியா சாதா நாள் 1200, முகூர்த்த நாள் 1650, சராசரி 1340. ஒரு ரூம் வித்தா கரண்ட், துவைக்கிறது, சோப்பு, கமிஷன் எல்லாம் சேர்த்து 260 செலவு, மிச்சம் 1080. சம்பளம் மாதிரி வித்தாலும் விக்காட்டாலும் ஆகற செலவு வருஷத்துக்கு 12.5 லட்சம். ஈஎம்ஐ மாசம் 59 ஆயிரம், வருஷத்துக்கு 7.08 லட்சம். ரெண்டையும் 1080ஆல வகுத்தா 1813 ரூம் நைட், 35, 36% ஓடினாலே கைய கடிக்காது. பேங்க் கேட்டது, வரிக்கு முன்னாடி மிஞ்சுறது ஈஎம்ஐ மாதிரி ஒன்றரை மடங்காவது இருக்கணும்னு. 42% வரைக்கும் இறங்கினாலும் அது நிக்குதுன்னு தனி டேபிள் போட்டுக் காட்டினேன். 57 லட்சம்னு எழுதினதை திருப்பி அனுப்பினவங்க 35 லட்சத்து 60 ஆயிரம்னு எழுதினதுக்கு லோன் கொடுத்துட்டாங்க.

பொங்கல் முடிஞ்சு லோன்ல முதல் தவணைப் பணம் வந்துச்சு, மாடில நாலு பாத்ரூம் இடிச்சாச்சு. தை முகூர்த்தத்துக்கு போர்டுல புது ரேட் எழுதினது அப்பா கையெழுத்துல தான். ரெண்டாவது தவணைக்கு பில் எல்லாம் லாட்ஜ் பேர்ல, ஜிஎஸ்டி நம்பரோட இருக்கணுமாம். ஏசி கடையில என் பேர்ல போட்டுக் கொடுத்துட்டாங்க, நாளைக்கு காலைல முதல் வேலையா போய் மாத்தி வாங்கணும். உங்க பில்லை கடையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.