பழைய எஸ்டேட்டும் பெட்டி டிரெய்லரும்

ஜூலை 6, 2025, ஞாயிறு

காரில் டிரெய்லர் இழுக்கக் கொக்கி மாட்டும் வேலை இன்று முடிந்தது. வண்டி சித்தப்பாவின் டாடா எஸ்டேட். 1992இல் வந்த மாடல், எங்களுடையது 96ஆம் வருடத்து வண்டி. டாடா மொபைல் பிக்கப்பின் சேசிஸ் மேல் கட்டிய கார் என்பதால் அடியில் இரும்புச் சட்டம் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் அது கிடையாது. லேத் பட்டறை மேஸ்திரி பம்பரைத் தொடவே இல்லை. சேசிஸின் இரண்டு பக்கமும் கனமான தகடு கொடுத்து போல்ட் போட்டு, டிரெய்லரின் முன்முனையான மூக்கு வந்து உட்காருவதற்கு நடுவில் 50 எம்எம் இரும்புப் பந்தை வைத்தார். "பம்பர்ல மாட்டுனா பம்பரோட வந்துரும் தம்பி" என்றார்.

எங்களுக்கு மைக் செட் தொழில். ஸ்பீக்கர் பெட்டி, குழாய், ஆம்ப்ளிஃபயர், டியூப் லைட், சீரியல் செட், ஒரு சின்ன ஜெனரேட்டர். மினி வேன் வாடகையிலேயே கூலியில் பாதி போய்விடுகிறது. தார்ப்பாய் கட்டினாலும் மழைச் சாரல் ஸ்பீக்கரை விடுவதில்லை. அதனால்தான் நாலு பக்கமும் தகடு அடைத்த பெட்டி டிரெய்லர். சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்குத் தனி ஆர்சி வேண்டும். அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது.

காரையும் டிரெய்லரையும் பிணைக்கும் சங்கிலி இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போடச் சொன்னேன். பந்து கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தாரில் குத்தாமல் சங்கிலி மேல் உட்காரும்.

ஜூலை 9, புதன்

மதுரை நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் முழுச் சரக்கோடு போய்ப் பார்த்தோம். 2023இல் திறந்த பாலம், 7.3 கிலோமீட்டர். மேலே ஏறிவிட்டால் மரமும் இல்லை, கட்டடமும் மறைக்காது. மேற்குக் காற்று இடப்பக்கத்தில் அறைகிறது. கார் கூரையைவிட பெட்டி இரண்டடி உயரம், அந்தத் தகடு முழுக்கக் காற்று வாங்குகிறது.

அறுபதில் ஒன்றும் தெரியவில்லை. எழுபதை நெருங்கும்போது ஒரு லாரி முந்தியது. முதலில் வலப்பக்கம் இருந்து ஒரு தள்ளு, லாரி கடந்ததும் அந்தப் பக்கமே ஒரு இழுப்பு. அப்புறம் பின்னால் பெட்டி இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. "அண்ணே, வால் ஆடுதுண்ணே" என்று உதவிக்கு வரும் பையன் கத்தினான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை மட்டும் எடுத்தேன். பிரேக் அடிக்கவில்லை. ஆடும்போது காரில் பிரேக் அடித்தால் பின்னால் இருக்கும் எடை காரை ஒரு பக்கமாகத் தள்ளித் திருப்பிவிடும். ஆட்டத்தை எதிர்த்து ஸ்டியரிங்கை ஒடித்தால் இன்னும் கூடும். வேகம் ஐம்பதுக்கு இறங்கியதும் தானாக அடங்கியது.

எங்கள் தொழிலில் ஜெனரேட்டர் கடைசியில் ஏறும், முதலில் இறங்கும். அதனால் எப்போதும் பின் கதவோரம்தான் அதற்கு இடம். மினி வேனில் அது சரி. டிரெய்லரில் அந்த எடை அச்சுக்குப் பின்னால் நின்று வாலை இழுக்கிறது.

ஜூலை 10, வியாழன்

அரிசி ஆலை எடை மேடைக்குப் போனோம். டிரெய்லரைக் கழற்றி முழுசாக மேடையில் நிறுத்தினால் 740 கிலோ. காரோடு மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்தால் 710. மீதி முப்பது கிலோதான் பந்தின் மேல் உட்காருகிறது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. எழுபத்தைந்து வாக்கில் வரவேண்டும்.

ஜெனரேட்டரை முன் சுவரோடு ஒட்டி வைத்து, ஒரு பேஸ் பெட்டியை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்தோம். மேடை 660 காட்டியது. மூக்கில் எண்பது. பையன் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பந்தின் மேல் எடை கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அதனால் டிக்கியில் வைக்கும் கேபிள் சுருள்களைப் பின் சீட்டுக்கு மாற்றி, லைட்டைக் கொஞ்சம் இறக்கினோம்.

ஜூலை 14, திங்கள்

முன்னால் இருக்கும் ஜெனரேட்டரை இறக்க எல்லாப் பெட்டியையும் இறக்க வேண்டியிருக்கிறது. மேஸ்திரி இடப்பக்கத் தகட்டை வெட்டி, முன் சுவரோரமாக ஒரு பக்கக் கதவு வைத்தார். இதைவிட நல்ல வேலை இந்த டிரெய்லருக்கு யாரும் செய்யப்போவதில்லை. டிரெய்லர் லைட்டும் சேர்ந்ததில் இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது, அதை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷரை மாற்றினோம்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோயில் கூழ் ஊற்று. செக்கானூரணி தாண்டியதில் இருந்தே எதிர்க்காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. அங்கே காற்றாலை நட்டிருப்பதும் இந்தக் காற்றை நம்பித்தானே. 1948 சிசி டீசல் எஞ்சின், 70 குதிரைத் திறனைத் தொடாது. நாலாவது கியரில் ஐம்பது, ஐம்பத்தைந்து. டீசல் முள் இறங்குவது கண்ணில் தெரிந்தது. ஆனால் வண்டி ஒருமுறைகூடச் சூடாகவில்லை, பெட்டியும் ஆடவில்லை.

உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்தின் நடுவே புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கை இறுக்கிவிட்டார்கள் அல்லது கிரீஸ் இல்லை என்று அர்த்தம். சின்னச் சக்கரம், கார் சக்கரத்தைவிட அதிகம் சுற்றுகிறது, அதனால் பார்த்தே ஆகவேண்டும்.

கணவாய் இறக்கத்தில் மூன்றாவது கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் டிரைவர்கள் இந்த ரோட்டில் நிறையப் பேர். பின்னால் 740 கிலோ, அதற்கென்று பிரேக் கிடையாது. எஞ்சின் பிடித்துக்கொடுக்கவில்லை என்றால் முழுப் பாரமும் காரின் பிரேக் மேல்தான் வரும்.

மந்தைக்குள் ரிவர்ஸ் எடுக்க நேரம் பிடித்தது. ஸ்டியரிங்கின் அடியில் கையைப் பிடித்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். "வரட்டும், வரட்டும்" என்று ஊரே சொன்னது. நான் பையன் கையை மட்டும் பார்த்தேன்.

ஜூலை 19, சனி

திரும்பும்போது காற்று முதுகில். வண்டி தானாக எழுபதுக்கு ஓடப் பார்க்கிறது, பிடித்துப் பிடித்து அறுபதில் வந்தோம்.

ஐரோப்பாவில் தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. நாங்கள் அந்த விளிம்பில் நிற்கிறோம். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் வந்து முட்டும் அழுத்தத்திலேயே அதன் டிரம் பிரேக் பிடிக்கிற அமைப்பு ஒன்று உண்டு. மேஸ்திரியிடம் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன், ஆவணியில் செய்யலாம் என்றார். அதுவரை இதற்கு மேல் ஒரு கிலோ ஏற்றுவதில்லை. பெரிய ஜெனரேட்டர் கேட்கிற ஊருக்கு அதை மட்டும் வாடகை வண்டியில் அனுப்புகிறோம்.