எந்தப் பேப்பர் படிப்பீங்க?

அந்தப் பழைய பேட்டித் துண்டு இன்னைக்கு மறுபடி கண்ணில் பட்டது.

எந்தெந்தப் பத்திரிகை படிப்பீர்கள் என்று அமெரிக்க டிவி செய்தியாளர் கேட்டி கூரிக் கேட்கிறார். "எல்லாத்தையும்தான்" என்கிறார் அப்போதைய அலாஸ்கா கவர்னர் சாரா பேலின். பேரைச் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டும் ஒரு பேர்கூட வரவில்லை. இத்தனைக்கும் இதழியல் பட்டதாரி!

2008 ஆகஸ்ட் 28: குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னோடு அவருடைய அரிசோனா பண்ணையில் பேச்சு.

மறுநாளே ஒஹாயோவின் டேட்டன் நகரில் மேடை. துணை அதிபர் வேட்பாளர்.

அலாஸ்கா கவர்னராகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அதற்கு முன்னால் வசில்லா என்ற சின்ன ஊரின் மேயர்.

செப்டம்பர் 3 கட்சி மாநாட்டுப் பேச்சு தூள். ஹாக்கி அம்மாவுக்கும் (பிள்ளைகளை ஹாக்கி ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும் அம்மா) பிட்புல் நாய்க்கும் என்ன வித்தியாசம்? லிப்ஸ்டிக். அரங்கமே அதிர்ந்தது.

ஆனால் எழுதித் தந்த பேச்சு வேறு, குறுக்குக் கேள்வி வேறு.

அதிபர் பதவிக்கு நிற்பவர் கட்சி வேட்பாளர் தேர்வு முதலில் நடக்கும் மாநிலங்களான அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்று மாதக்கணக்கில் சுற்றுவார். சின்னக் கூட்டத்தில் உளறி, திருத்திக்கொள்வார். பேலினுக்கு அந்த ஒத்திகையே இல்லை. அறிவிப்பிலிருந்து வாக்குப்பதிவுக்கு 67 நாள். முதல் பெரிய டிவி பேட்டிக்கே 13 நாள் போய்விட்டது. பொத்திப் பொத்தி வைத்ததில் ஒவ்வொரு பேட்டியும் பரீட்சையாகிவிட்டது.

எண்ணெய் வரி, எரிவாயுக் குழாய் என்றால் சரளமாகப் பேசுவார். கேள்விகள் வந்ததோ வெளியுறவு பற்றி.

உள்ளூர் வழக்கும் கூடவே வரும். காவல்துறை ஆணையரை நீக்கிய விவகாரத்தில் அலாஸ்கா சட்டமன்ற விசாரணை முன்பே தொடங்கியிருந்தது. அறிக்கை வந்தது அக்டோபர் 10. நீக்கியது சட்டப்படி சரி, ஆனால் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றது.

தேர்தலுக்கு அப்போது 25 நாள்தான் பாக்கி.