சொட்டினால் நல்ல படகு

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பக்கம் குடிவந்தவர்களைப் படகு ஆசை என்றைக்காவது ஒரு நாள் பிடித்துவிடும். எனக்கு 45 வயதில் பிடித்தது. புதுசு வாங்குவதென்றால் வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான், அதனால் பழசு என்று முடிவாகி, ஹேம்பிள் ஆற்றில் விலைக்கு இருந்த ஒரு வெஸ்டர்லி சென்டாரைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். 26 அடிப் பாய்மரப் படகு. 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அடியில் பலகை மாதிரி இறங்கும் இரண்டு கீல் (keel) உண்டு, தண்ணீர் வற்றினால் சேற்றில் இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நிற்கும்.

விற்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். டீ கொடுத்தார். உள்ளே புது மெத்தை, புது திரைச்சீலை. சாவியைத் திருப்பியதும் டீசல் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது, நான் அங்கேயே விழுந்துவிட்டேன். அடிப்பக்கத் துளைகளில் கடல் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுகள்கூட இளஞ்சிவப்பில் செம்புச் சொம்பு மாதிரி அழகாக இருந்தன. மனைவி மட்டும் டார்ச்சோடு எஞ்சினுக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தாள். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

“ஏங்க, கடல் உள்ள வருது.”

பெரியவரிடம் கேட்டேன். “அது சொட்டத்தான் வேண்டும்” என்றார் கூசாமல். “நல்லா ஏமாத்தறார்” என்றாள் அவர் முன்னாலேயே, தமிழில்.

சரி, படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை வைத்துப் பார்ப்போம். அவருக்கும் கிரேனுக்கும் காசு நம்முடையது. படகைத் தூக்கி நிறுத்தியதும் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலை எடுத்து அடிப்பக்கம் முழுக்கச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். சந்தையில் அம்மா பானை வாங்குவது இப்படித்தான். ‘டங்’ என்றால் நகர்ந்தார், ‘தொப்’ என்றால் சாக்பீஸால் வட்டம் போட்டார். அரை மணியில் படகுக்கு அம்மை போட்டிருந்தது. புதுப் பெயின்ட்டின் கீழே ஃபைபர்கிளாஸில் கொப்புளங்கள், எல்லாம் பள்ளியில் படித்த சவ்வூடு பரவலின் வேலை. ஒன்றைக் குத்தி என்னை முகரச் சொன்னார். வினிகர் வாடை. அதற்கப்புறம் இரண்டு நாள் நான் ஊறுகாய் தொடவில்லை.

நான் ரசித்ததெல்லாம் வரிசையாகப் போனது. அந்த இளஞ்சிவப்பு, யாரோ மலிவுப் பித்தளையில் மாட்டிய வால்விலிருந்து துத்தநாகம் கரைந்துபோன அடையாளமாம், ஒரு நாள் கையோடு வந்துவிடும், அப்போது நிஜமாகவே கடல் உள்ளே வரும். மெத்தைக்குக் கீழே பலகை ஈரம், மேல்தளக் கசிவு. எஞ்சின் ஏன் அவ்வளவு சுளுவாகக் கிளம்பியது? நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார், தொட்டுப் பார்த்தீர்களா என்றார். தொடவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்தச் சொட்டு?” என்றாள் மனைவி, ஆவலாக.

“அது சரியாக இருக்கிறது. தண்டைச் சுற்றித் திணித்த பழைய பாணிப் பேக்கிங், தண்டு சுற்றும்போது தண்ணீர் கொஞ்சம் கசிந்து குளிர வைக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கிவிட்டால்தான் கெடுதல்.”

மொத்தப் படகில் அவருக்குக் குறையே தெரியாத ஒரே இடம் அதுதான். வால்வுக்கும் கொப்புளத்துக்கும் கழித்துக்கொண்டு விலை கேட்டேன், பெரியவரும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

காரில் திரும்பும்போது மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. வீடு நெருங்கும்போது கேட்டாள்: “அப்ப நம்ம சமையலறைக் குழாய்? ஆறு மாசமா அதையும் குளிர வெக்கத்தான் விட்டிருக்கீங்களா?”