மடிகிற இடத்தில் மட்டும் வெடித்த ஹோஸ்

நிலாவெளிப் பக்கம் வெங்காயம் செய்கிற ஐயா ஒருவர், எங்கள் பட்டறையில் செய்து விற்ற, வாங்கி 3 மாதம்கூட ஆகாத தண்ணீர் ஹோஸைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "தம்பி, மடியிற இடத்தில மட்டும்தான் வெடிக்குது. மற்றதெல்லாம் புதுசு மாதிரிக் கிடக்கு." இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு சுடுகிறது.

ஹோஸ் செய்கிற பிளாஸ்டிக்கான பிவிசி பவுடர்தான் மட்டம் என்று நினைத்து, துண்டுகளைக் கட்டிக்கொண்டு திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். பரிசோதனைக் கூடத்துக் கவுண்டரில் இருந்தவர் பொதியைப் பிரிக்கவே இல்லை. கோரிக்கைக் கடிதம் வேண்டுமாம். முதல் நாள் போனில் கேட்டபோது அதை யாரும் சொல்லவில்லை. மறுபடி கடிதத்தோடு போய்க் கொடுத்தேன். அறிக்கை வந்தது: இழுவைப் பலம் சரி, நீட்சி சரி. ஒரே தடவை இழுத்து அறுத்துப் பார்க்கிற சோதனை அது. தினமும் மடங்கி நிமிர்கிற பொருளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நீங்கள் போனால் மடிப்புச் சோதனை செய்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியில் பழைய பஸ் வைப்பர் மோட்டரில் ஒரு கட்டை பூட்டி, ஹோஸை ஒரே இடத்தில் இரவு முழுக்க மடிக்க விட்டேன். விடியும்போது வெடித்திருந்தது. வெடிப்பை பிளேட்டால் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், அது தொடங்கிய இடத்தில் கடுகில் பாதியளவு வெள்ளைப் புள்ளி. நகத்தால் நசுக்கினேன், மாவாக உதிர்ந்தது. பிவிசியோடு நாங்கள் கலக்கிற சுண்ணாம்புப் பவுடர் (கால்சியம் கார்பனேட்), கலவையில் பரவாமல் கட்டிபட்டிருக்கிறது!

பிழை எங்கள் வேலையில்தான். சுண்ணாம்புப் பவுடரை ஆரம்பத்திலேயே கொட்டிவந்தோம். பிவிசியை வளையும்படி மெதுவாக்குகிற டிஓபி எண்ணெய் பிவிசிக்குள் போகவேண்டியது; அதை இந்தப் பவுடர் குடித்துவிட்டது. இப்போது பிவிசி சூடாகி, எண்ணெயை உறிஞ்சி, கையில் உதிரியாக வந்த பிறகுதான் அதைப் போடுகிறோம். ஸ்டியரிக் அமிலம் பூசிய பவுடர் விலை கூட, ஆனால் கட்டிபடுவது குறைவு.

இன்னொன்று சூடு. கரண்ட் பில்லுக்குப் பயந்து பிவிசியை உருக்கி ஹோஸாகத் தள்ளுகிற மிஷினை 150 பாகை செல்சியஸில் ஓட்டினோம். ஹோஸ் மங்கலாக வந்ததைக் கண்டும் விட்டுவிட்டேன். அந்தச் சூட்டில் பிவிசி மணிகள் முழுதாக உருகி ஒட்டவில்லை. வெடிப்பு அந்த இடைவெளி வழியே ஓடியிருக்கிறது. 170க்கு ஏற்றியதும் மினுக்கம் வந்தது. அதற்காகக் கண்டபடி ஏற்றாதீர்கள்: மஞ்சளடித்து மூக்கைக் குத்தும் அமில வாடை வந்தால் பிவிசி சிதைகிறது என்று அர்த்தம்.

புது ஹோஸ் அதே மோட்டரில் 6 நாள் தாங்கியது. ஐயாவுக்குக் காசு வாங்காமல் ஒரு சுருள் கொடுத்தேன். இனி மாரி வரமுன் பவுடர் மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி வைக்கவேண்டும். ஈரம் பிடித்தால் ஹோஸுக்குள் குமிழி விழும்.