லாரிக்குக் கொசுவலை

எங்கள் வீட்டில் இவர் உறை போடாமல் விட்டது என்னையும் மாமியாரையும்தான். டிவி ரிமோட் வாங்கின பாலித்தீனுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பட்டன் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்கணும். பிரிட்ஜ் கைப்பிடிக்குச் சட்டை, மிக்சிக்குத் தொப்பி, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. சோபா கவரைக் கிழித்ததற்குப் பெரியவன் வாங்கின திட்டு சத்துவாச்சாரி முழுக்கக் கேட்டது. அப்படிப்பட்ட மனுஷன் கையில் புது லாரி கிடைத்தால் என்ன ஆகும்?

அதுவும் ஏசி லாரி. இப்போது புதுசாகத் தயாராகிற லாரிகளுக்கு டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. வேலூர் வெயிலுக்கு அந்தச் சட்டத்தை வெள்ளைக்காரனே போட்டுவிட்டுப் போயிருக்கணும். மே மாதம் இங்கே 40 டிகிரி தாண்டினால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். தாண்டாவிட்டால்தான் டீக்கடையில் அதிசயமாகப் பேசுவார்கள்.

வண்டி வந்ததிலிருந்து இவருக்கு ஒரே கவலை, ஏசியின் கண்டன்சர். முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறதே, அதுதான். கேபினுக்குள் இருக்கிற சூட்டை எல்லாம் ஏசி கேஸ் அங்கே சுமந்து வந்து கொட்டிவிட்டு, திரவமாகித் திரும்பிப் போகிறதாம். அப்பளத்தைவிட மெல்லிசான அலுமினியத் தகடுகள். நகம் பட்டாலே மடங்கிவிடும். ஆனால் காற்று பட்டால்தான் அதற்கு வேலையே நடக்கும் என்பதால் வண்டியின் மூக்கிலேயே வைத்திருக்கிறார்கள். ரோட்டில் பறக்கிற அத்தனையும் முதலில் அதன் மேல்தான் வந்து விழும்.

எங்கள் ஹைவேயில் என்னதான் பறக்கவில்லை? வைக்கோல், பாலித்தீன் கவர், முன்னால் போகிற டிப்பரிலிருந்து ஜல்லி. டிப்பரில் தார்ப்பாய் இல்லாமல் இல்லை, இருக்கிறது. அதை மூட்டையாகச் சுருட்டிக் கயிறு கட்டிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒரு கல் குழாயில் பட்டால் கேஸ் மொத்தமும் புஸ். இது போதாது என்று கிருஷ்ணகிரியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் திரும்பும்போது ஹெட்லைட்டைப் பார்த்து வருகிற வண்டு, தட்டான், விட்டில்.

இவர் யோசித்தார். யோசித்த மறுநாள் ஹாலில் கட்டியிருந்த கொசுவலையைக் காணோம். வாசலில் நிற்கிற லாரியின் முகத்தில் ரெண்டு மடிப்பாக, நாலு மூலையிலும் டேக் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. புதுப்பெண் முகத்திரை போட்ட மாதிரி என்று தெருவே கேலி பண்ணியது. ராத்திரி நாங்கள் எல்லாம் கைகால் சொறிந்துகொண்டு கிடந்தோம், லாரியை ஒரு கொசு அண்டவில்லை.

அப்புறம் மழை வந்தது. கத்திரி வெயிலுக்கு நடுவில் ஒரு சாயங்காலம் பெய்தால் மண்ணுக்குள் இருக்கிற ஈசல் எல்லாம் றெக்கை கட்டிக் கிளம்பும் என்று இவருக்குத் தெரியாதா? ஆம்பூர் தாண்டும்போது ஏசியிலிருந்து அனல் காற்று. கூடவே டெம்பரேச்சர் முள்ளும் மேலே ஏறுகிறது. ஏசியை அணைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி, விடிகிற நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார். கொசுவலையின் மேல் இன்னொரு வலை, முழுக்க ஈசலால் நெய்தது. மாமியார் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "எம்மாம் ஈசலு! பொரி அரிசி போட்டு வறுத்திருந்தா தெருவுக்கே குடுத்திருக்கலாம். எல்லாத்தையும் பாழாக்கிட்டானே!" லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொணவட்டத்து மெக்கானிக் பாய் வலையைப் பிடித்துப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"கொசுவே நுழையாத ஓட்டைல காத்து எப்டிண்ணா நுழையும்?"

காற்று போகாவிட்டால் கண்டன்சரில் பிரஷர் எகிறும், ஒரு அளவுக்கு மேல் போனால் கம்ப்ரசர் தானாக நின்றுவிடும், பின்னால் இருக்கிற ரேடியேட்டரும் சேர்ந்து மூச்சு முட்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கால் அங்குல ஓட்டை வைத்த அலுமினிய வலையை கிரில்லின் உள்பக்கமாக மாட்டினார். கண்டன்சரைத் தொடாமல் ரெண்டு விரல் இடைவெளி. "சின்னப் பூச்சி வந்தா வரட்டும், தண்ணி விட்டா போய்டும். கல்லு வராம இருந்தா போதும்." அதுவும் பின்பக்கத்திலிருந்து முன்னால், செடிக்கு விடுகிற வேகத்தில்தான் தண்ணீர் விடணுமாம், வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தகடு அத்தனையும் படுத்துவிடும். மாமியார் கொடுத்தனுப்பின எலுமிச்சம்பழம் மிளகாயையும் ஓரமாகக் காற்றை மறைக்காத இடத்தில் அவரே கட்டிவிட்டார்.

நேற்று மத்தியானம் மாமியார் திடீரென்று, "நானும் ஏறிப் பாக்கறேன்" என்றார். மூட்டு வலிக்காரரை இவரும் கிளீனர் பையனும் மேலே ஏற்றுவதற்குள் தெருவே கூடிவிட்டது. நானும் சின்னவனும் பின்னால் படுக்கையில் உட்கார்ந்துகொண்டோம். ஏசி போட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொணவட்டம் தாண்டியும் பேச்சே இல்லை. இவருக்குப் பயம் வந்துவிட்டது. "என்னம்மா, குளுருதா? கொறைக்கட்டுமா?"

"உங்கப்பாவுக்கு எடது கால்ல முட்டிக்குக் கீழ முடியே மொளைக்கல, தெரியுமா?"

மாமனார் ஓட்டினது என்ஜின் பாதி கேபினுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி. என்ஜின் மூடிமேல் கோணிச்சாக்கை மடித்துப் போட்டாலும் சூடு அந்தக் காலில்தான் இறங்கும். ட்ரிப் முடிந்து வந்தால் மாமியார் அந்தக் காலுக்குத்தான் முதலில் தேங்காய் எண்ணெய் தடவுவாராம்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியையும் குறைக்கவில்லை. டோல் கட்ட மனசில்லாமல் பொய்கை ஊரிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மாமியார் கிளீனர் பையன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்: "மூஞ்சிக்கு நல்லா வருது. கால்கிட்டதான் காத்து பத்தலடா. பாய்கிட்ட சொல்லு."